வரத்துக்காலில் நான் போட்ட சாலை

ஒன்பது ஜோடி செருப்புகளும் ஷூக்களும் ஒரு கருவேல மரத்தடியில் வரிசையாகக் கிடந்தன. அவற்றின் சொந்தக்காரர்களான நாங்கள் ஒன்பது பேரும் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டும், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டும் தண்ணீரின் ஓரத்தில் நின்றோம். ஒன்பதில் ஏழு பேர் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். முன்னால் ஓடுவது தண்ணீர்தானா என்று அந்த ஏழு பேரும் குனிந்து உற்றுப் பார்த்தார்கள்.

ஐப்பசி மாதம். முந்தின நாள் சாயங்காலம் பிடித்த மழை விடிந்த பிறகுதான் விட்டிருந்தது. மரத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு சரியாக என் கண்ணாடியில் விழுந்தது. நான் அதைத் துடைக்கவில்லை. மங்கலாகத் தெரிந்தவரைக்கும் நல்லது என்று இருந்தேன்.

எங்கள் கையில் பிளாஸ்டிக் உறை போட்ட வரைபடம். நாங்கள் நிற்கும் இடத்திலிருந்து சாக்கோட்டைப் பக்கமாக ‘தற்போதுள்ள மண் பாதை’ ஒன்று போவதாக அதிலிருந்த பச்சைக் கோடு சொன்னது. அதை அகலப்படுத்தித் தார் போட்டால் உள்ளடங்கிக் கிடக்கும் ஊர்களுக்கு பஸ் வரும் என்பது எங்கள் குழுவின் பரிந்துரை. மறுநாள் காலையில் அதிகாரிகளும் ஊர்க்காரர்களும் வரும் பொதுக்கூட்டத்தில் அறிக்கையைக் கொடுப்பதாக ஏற்பாடு. அட்டை போட்டுத் தைத்தாகிவிட்டது.

வரைபடத்தில் பச்சைக் கோடு இருந்த இடத்தில், நேரில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரைக்கும் செம்மண் தண்ணீர் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது.

எட்டுப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கோட்டை வரைந்தவள் நான்தான்.

எப்படிப்பட்ட குழு

இந்தத் தொடரில் இதுவரை கல்லூரி, ஹாஸ்டல், கல்யாணம் என்று எழுதிக்கொண்டு வந்தேன். ஆய்வுக் குழுவைப் பற்றி எழுதியதில்லை. ஆய்வுக் குழு என்றதும் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள் என்ற பயம்தான். தயவுசெய்து புரட்ட வேண்டாம். அதைப்போல் சிரிப்புக்கு இடமான கூட்டம் வேறு கிடையாது.

சிறு நகரங்கள் எப்படி வளர்கின்றன, சுற்றியுள்ள ஊர்களை எப்படி விழுங்குகின்றன, விழுங்காமல் வளர வைக்க முடியுமா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. வெவ்வேறு ஊர்க் கல்லூரிகளில் நகரத் திட்டமிடலும் புவியியலும் சொல்லிக்கொடுக்கும் ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறோம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கம்ப்யூட்டர் திரையில் கூடுவோம். வருஷத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவருடைய ஊரில் மூன்று நாள் நேரில் கூடுவோம்.

குழுவுக்குப் பெயர் வைப்பதற்கே ஒரு வருஷம் ஆனது. ‘சிறு நகர்’ என்று போட்டால் பெரிய நகரத்துக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். ‘நகரும் சுற்றுப்புறமும்’ என்று போட்டால் சுற்றுப்புறம் எது வரைக்கும் என்று சண்டை வந்தது. அதைத் தீர்க்க ஒரு துணைக்குழு போட்டோம். துணைக்குழுவில் இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

எங்கள் தலைவர் சீனிவாசன் சார் சென்னைக்காரர், ஓய்வுபெற்ற பேராசிரியர். திரையில் தன் ஒலியை அடைத்து வைத்துவிட்டுப் பேசுவது அவருடைய வழக்கம். ஐந்து நிமிஷம் உதடு அசையும். நாங்கள் மரியாதைக்குத் தலையாட்டுவோம். அப்புறம் யாராவது சொன்னதும் அவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

எங்களிடம் ஒரு விதி உண்டு. நடந்து பார்க்காத இடத்தில் யாரும் கோடு போடக் கூடாது. காகிதத்தைப் பார்த்தோ, ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தோ வரைந்தால் அது வெறும் யூகம்தான். காலால் நடந்து பார்த்த பிறகே கோட்டை ஏற்றுக்கொள்வோம்.

இந்த விதியைக் கொண்டுவந்தவள் நான். எப்படிக் கொண்டுவந்தேன் என்பதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதையில் பாதி விளங்காது.

பால்ராஜின் சந்தை

கோயம்புத்தூர்க்காரர் பால்ராஜ் எங்கள் குழுவில் கூட்டக் குறிப்பு எழுதுபவர். அமைதியான மனிதர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே எழுதிவிடுவார், அதுதான் அவரிடம் தொந்தரவு.

இதற்கு நாலைந்து வருஷம் முன்னால் அவர் தன் ஊர்ப்பக்கத்துச் சிறுநகர் ஒன்றைப் படமாகப் போட்டுக்கொண்டு வந்தார். அதில் ஒரு காய்கறிச் சந்தை இருந்தது. அந்தச் சந்தையைச் சுற்றித்தான் அவருடைய கட்டுரை முழுவதும். அதற்கு ஒரு மாதம் முன்னால் நான் உறவினர் கல்யாணத்துக்காகத் தற்செயலாக அதே ஊருக்குப் போயிருந்தேன். சந்தை இருந்த இடத்தில் கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடம் இருந்தது. எங்கள் வேன் அங்கேதான் நின்றது.

அதை நான் அவரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லோர் முன்னாலும், சந்தையில் கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்டேன். அவர் வெள்ளந்தியாக, விலைவாசி தன் ஆய்வில் வராது என்றார். அங்கே கத்தரிக்காயே வராது, கார்தான் வரும் என்று நான் சொன்னதும் அறையே சிரித்தது. நான்தான் ரொம்பச் சத்தமாகச் சிரித்தேன். பால்ராஜின் காது மடல் சிவந்துபோனது. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்குத்தான் விதி பிறந்தது. கூடவே, விளையாட்டாக நான் இன்னொன்றும் சொன்னேன். நடக்காமல் வரைந்த படத்தை ‘பிழைப் படம்’ என்று ஓர் உருளையில் சுருட்டி வைக்க வேண்டும். வரைந்தவரே ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்துக்கும் அதைத் தூக்கிக்கொண்டு வந்து அறையின் முதல் ஆணியில் மாட்ட வேண்டும். அடுத்த ஆள் அகப்படும் வரைக்கும் இது தொடரும்.

அதற்குப் பிறகு எல்லோரும் உஷாராகிவிட்டார்கள். யாரும் அகப்படவில்லை. பால்ராஜ் ஒவ்வொரு வருஷமும் ரயிலில் அந்த உருளையோடு வந்து இறங்குவார். ஒரு தடவை யாரோ அதைப் புல்லாங்குழல் என்று நினைத்து வாசிக்கச் சொன்னார்களாம். முகம் சுளிக்காமல் மாட்டுவார். சாயங்காலம் கழற்றிச் சுருட்டிக்கொள்வார்.

உள்ளூர்க்காரி

அந்த வருஷக் கூட்டம் காரைக்குடியில். காரைக்குடி மாநகராட்சியான புதிது. எந்த ஊர் உள்ளே, எந்த ஊர் வெளியே என்று டீக்கடைகளில் எங்கள் குழுவை விடச் சூடாக விவாதம் நடந்த சமயம். ஆராய்ச்சிக்கு இதை விட நல்ல வேளை கிடைக்காது. ஊர் என்னுடைய ஊர் என்பதால் வரைபடப் பொறுப்பு முழுவதும் எனக்கு வந்தது.

என் அப்பா சாக்கோட்டைப் பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ இரண்டு வருஷமும் அங்கிருந்து காரைக்குடிக்கு நான் சைக்கிளில்தான் வந்து போனேன். மெயின் ரோட்டைச் சுற்றாமல் கருவேலங்காட்டுக்குள் ஒரு குறுக்குப் பாதை. மணல் மெத்தென்று இருக்கும், சில இடங்களில் சக்கரம் புதையும். இந்தத் தொடரின் மூன்றாவது வாரத்தில் அந்தப் பாதையைப் பற்றி உருகி உருகி எழுதியிருந்தேன். பல பேர் கடிதம் போட்டிருந்தீர்கள். அப்போது நான் மறைத்த சமாச்சாரத்தைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பார்த்தேன். கருவேலங்காட்டுக்குள் வெளிர் பழுப்பாக ஒரு கோடு வளைந்து போனது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, என் பாதை. நாக்கில் நெல்லிக்காய் ருசி வந்தது, அந்தக் காலத்தில் அதைத் தின்றுகொண்டேதான் போவேன். ஒரே இழுப்பில் பச்சைக் கோட்டைப் போட்டேன்.

அதற்கடுத்த திரைக்கூட்டத்தில் பால்ராஜ் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். வருவாய்த் துறையின் புலப்படத்தோடு இதை ஒத்துப் பார்த்தாயிற்றா என்றார். நிலம் எது, வழி எது, வாய்க்கால் எது என்று சர்வே எண்ணோடு சொல்லும் படம் அது. நியாயமான கேள்வி. எனக்கோ சுருக்கென்றது. அந்தப் பாதையில் இரண்டு வருஷம் சைக்கிள் ஓட்டியவள் நான் என்றேன். சீனிவாசன் சார், உள்ளூர்க்காரர் சொன்னால் சரிதான் என்றார், அதிசயமாக அன்று அவருடைய ஒலி திறந்திருந்தது. பால்ராஜ் குறிப்பில் எழுதினார்: ‘உறுப்பினர் இப்பாதையில் இரண்டு ஆண்டுகள் மிதிவண்டியில் சென்றுள்ளார். எனவே நடந்து பார்க்கத் தேவையில்லை என ஏற்கப்பட்டது.’

நான் உள்ளூர்க்காரி என்பதால் அவர்கள் கோட்டைச் சரிபார்க்கவில்லை. அதே காரணத்தால் நானும் சரிபார்க்கவில்லை.

கானாடுகாத்தானில் முந்நூறு பேர்

முதல் நாள் கானாடுகாத்தான். விருந்தினர்களை முதலிலேயே தண்ணீரில் இறக்கக் கூடாது என்று அங்கே கூட்டிப் போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

தெரு முழுக்கப் பெரிய பெரிய வீடுகள். பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. எங்கள் கேள்வித்தாளில் ‘வீட்டில் வசிப்போர் எத்தனை பேர்’ என்று ஒரு கட்டம். பூட்டிய வீடு என்றால் ‘காலி’ என்று போட வேண்டும். மதுரையிலிருந்து வந்திருந்த உறுப்பினர் ஒருவர் பேனாவைத் திறந்துவிட்டார். அதற்குள் ஒரு வீட்டுக் கதவு கொஞ்சமாகத் திறந்து காவல்காரர் எட்டிப் பார்த்தார். எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டோம்.

“கல்யாணம், முன்னோரு படைப்புன்னா முந்நூறு பேரு இருப்பாக. மத்த நாளு நான் ஒருத்தந்தான். எந்த நாளுக் கணக்க எழுதப் போறீக?”

அன்று மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் இதுதான் பேச்சு. கட்டத்தில் ஒன்று என்று போடுவதா, முந்நூறு என்று போடுவதா? வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் வர வர விவாதம் சூடுபிடித்தது. எழுபது வயது சீனிவாசன் சார் ஏழாவது பணியாரத்தை எடுத்துக்கொண்டு, ஒரு இடத்தை ஒரே ஒரு நாளில் பார்த்துவிட்டு அது இன்னதுதான் என்று முடிவு கட்டுவதுதான் நம் தொழிலின் சாபம் என்றார். எல்லோரும் தலையாட்டினோம். நான் எல்லோரையும் விட வேகமாகத் தலையாட்டினேன்.

மம்பட்டியோடு ஒரு மெம்பர்

இரண்டாம் நாள் காலையில்தான் செருப்பைக் கழற்றினோம். விதிப்படி நடக்க வேண்டாம் என்று குறிப்பிலேயே விலக்கு இருந்தாலும், என் குறுக்குப் பாதையை எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று எனக்குத்தான் ஆசை. பெருமைதான், வேறென்ன.

தண்ணீருக்குள் நின்று ஒரு பெண் மம்பட்டியால் சுள்ளியையும் குப்பையையும் வாரிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. பெயர் சிவகாமி என்று பிறகு தெரிந்தது. ஊராட்சி வார்டு உறுப்பினராக இருந்தவர், பதவி முடிந்த பிறகும் ஊரில் எல்லோருக்கும் ‘மெம்பர்’தான். நாங்கள் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு வேலையை நிறுத்தினார்.

“எங்குட்டுப் போறீக எல்லாரும்?”

இந்தப் பாதையில் நடந்து பார்க்க வந்தோம் என்று சீனிவாசன் சார் சொன்னார்.

“எந்தப் பாதை?”

சார் வரைபடத்தை நீட்டினார். சிவகாமி ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கோயிலைக் கண்டுபிடித்தார், ரேஷன் கடையைக் கண்டுபிடித்தார், அப்புறம் பச்சைக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

“இது வரத்துக்காலுங்க. மேக்க பேயிற மழை பூராம் இது வழியாத்தான் எங்க கம்மாய்க்கு வரணும். இதுல தாரப் போட்டுட்டீகன்னா நாங்க நெல்லு போடுறத மறந்துற வேண்டியதுதான்.”

கோபமாகச் சொல்லவில்லை. தன் மகள் காரைக்குடிக் கல்லூரிக்கு பஸ் ஏற தினமும் வெகுதூரம் நடப்பதாகவும், பஸ்ஸுக்காக இவரே பல தடவை மனு எழுதிக் கொடுத்ததாகவும் சொன்னார். பஸ் வேண்டும்தான், அதற்காகக் கண்மாயையா மூட முடியும் என்று எங்களிடமே கேட்டார். இதைப் பாதை என்று உங்களுக்கு யார் சொன்னது என்றும் கேட்டார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். திறந்து, செயற்கைக்கோள் படம் கோடையில் எடுத்தது, அதனால் காய்ந்த வாய்க்கால் பாதை மாதிரித் தெரிந்துவிட்டது என்றேன். பாவம், ஆகாயத்தில் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டேன். எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். பால்ராஜ் மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவகாமி மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். கண்மாய்க் கரையோரமாக ஒரு பழைய வண்டிப் பாதை கிடக்கிறது, கொஞ்சம் சுற்று, ஆனால் மேடு, அங்குட்டுப் போடச் சொல்லுங்கள் என்று கூட்டிப் போனார். ஒன்பது பேரும் வெறுங்காலோடு பின்னால் போனோம். சரளைக் கல் காலைக் குத்தியது. ‘ஆ’, ‘ஊ’ என்று முனகிக்கொண்டே அளந்தோம், எழுதினோம். வழியில் ஒரு வீட்டில் எல்லோருக்கும் கருப்பட்டிக் காபி கொடுத்தார்கள். மழை ஈரத்தில் அந்தச் சூடு தொண்டையில் இறங்கியது எல்லோருக்கும் தெய்வீகமாக இருந்தது. எனக்கு மட்டும் இறங்கவில்லை.

காரணம் என்ன எழுதட்டும்

மத்தியானம் எல்லோரும் கல்லூரிக் கருத்தரங்க அறையில் புதிய படத்தைப் போடும் வேலையில் மும்முரமாக இருந்தார்கள். தைத்த அறிக்கையைப் பிரித்து அந்த ஒரு பக்கத்தை மாற்ற வேண்டும். முதல் ஆணியில் பால்ராஜின் காய்கறிச் சந்தை வழக்கம்போல் தொங்கிக்கொண்டிருந்தது. மின்விசிறிக் காற்றில் அதன் கீழ்முனை சுவரில் டப் டப்பென்று தட்டியது.

பால்ராஜ் குறிப்பேட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ‘திருத்தம்’ என்று தலைப்பு, அதற்குக் கீழே ‘காரணம்’ என்று எழுதி இடம் விட்டிருந்தார்.

“காரணம்னு என்னங்க எழுதட்டும்? கோடைப் படம்னு எழுதிடறேனுங்களே, அதுவும் நெசந்தானுங்க.”

தலை நிமிராமல், மற்றவர்கள் காதில் விழாதபடி கேட்டார். அவரிடம் என்னுடைய சைக்கிள் வாக்கியம் சொல்லுக்குச் சொல் இருந்தது. நான்கு பக்கம் முன்னால் புரட்டி எடுத்துக் காட்டினால் போதும், கத்தரிக்காய் விலைக்கு வட்டியோடு வாங்கியிருக்கலாம். அந்த மனிதர் எனக்கு வழி விட்டுக்கொண்டிருந்தார்.

கோடைப் படம் என்று எழுதினால் கருவிப் பிழை. ஆணியில் தொங்க வேண்டியதில்லை. யாருக்கும் நஷ்டமும் இல்லை. கோடு எப்படியும் அழிந்துவிட்டது, சிவகாமியின் தண்ணீர் பிழைத்துவிட்டது. ஒரு நிமிஷம், உண்மையாகச் சொல்கிறேன், ஒரு முழு நிமிஷம் சரி என்று சொல்லத்தான் நினைத்தேன்.

ஆனால் அன்று மழை பெய்யாமல் இருந்திருந்தால்? காய்ந்த வாய்க்காலில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு, இதோ என் பாதை என்று நானே பெருமையாக நடந்திருப்பேன். நடந்தாயிற்று என்று விதிக்கும் சரியாகப் போயிருக்கும். மறுநாள் அறிக்கை கைமாறியிருக்கும். அடுத்த வருஷம் வேறு குழு, வேறு ஊர், அங்கேயும் ஓர் உள்ளூர்க்காரர் இதே மாதிரி மார்தட்டுவார். அப்போது எடுத்துப் பார்ப்பதற்குக் குறிப்பில் சரியான காரணம் இருக்க வேண்டாமா?

“மீனாட்சி நடந்து பாக்கலைன்னு என் பேரப் போட்டே எழுதுங்க. புலப்படத்தையும் பாக்கலைன்னு எழுதுங்க.”

பால்ராஜ் எழுதினார். சொன்னபடியே எழுதினார். எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடிக்கொண்டே, கத்தரிக்காய் இங்கே என்ன விலைங்க என்று கேட்டார். நாலைந்து வருஷமாக அவர் காத்து வைத்திருந்த கேள்வி அது. இருவரும் சிரித்த சிரிப்பில் சீனிவாசன் சார் என்னவென்று எழுந்து வந்துவிட்டார்.

முதல் ஆணி

மறுநாள் பொதுக்கூட்டம். அதிகாரிகள் முன்வரிசையில், ஊர்க்காரர்கள் பின்னால். வாசலில் வெள்ளரிக்காய் வைத்த சாண்ட்விச்சும் சீடையும் சேர்ந்து இருந்தன, ஆய்வுக் குழுக்களில் இந்த மாதிரிச் சேர்க்கை சகஜம். சிவகாமி மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மம்பட்டி இல்லாமல், பட்டுக்கரைச் சேலையில் முதலில் அடையாளம் தெரியவில்லை.

படத்தை விளக்குவது என் வேலை. முதல் ஆணியில் பால்ராஜின் படம் இருந்த இடத்தில் இப்போது என்னுடைய பழைய படம் தொங்கியது. அதைக் காட்டி, இந்தப் பச்சைக் கோடு என் தப்பு, செயற்கைக்கோளின் தப்பில்லை, நேற்று உங்கள் ஊரில் நான் சொன்னது சரியில்லை என்றேன். சின்ன வயதில் இரண்டு வருஷம் இதில் சைக்கிள் ஓட்டினேன், அந்த ஞாபகத்தை நம்பி வரைந்துவிட்டேன் என்று முடித்தபோது எனக்கே என் ஞாபகத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இல்லாத பாதையில் யார் சைக்கிள் ஓட்ட முடியும்?

பின்வரிசையில் சிவகாமி எழுந்தார்.

“நீங்க வாத்தியாரு மகளா? பெல்லு அடிச்சுக்கிட்டே போவீகளே, நீங்கதானா அது?”

தலையாட்டினேன்.

“அப்ப நான் சின்னப்புள்ள. ஒங்க சைக்கிள் பின்னாடி ஓடியாருவேன். அந்த ரெண்டு மூணு வருசம் மழையே இல்லக்கா. கம்மாயிக்குள்ள பயலுக கிரிக்கெட்டு வெளையாண்டாய்ங்க. ஊரே அந்த வரத்துக்காலுலதான் நடந்துச்சு. நீங்க வரைஞ்சது பொய்யில்லக்கா. அது மழை பேயாத வருசத்துப் படம்.”

அந்த அறையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊர்க்காரர்கள் முன்னால், அதிகாரிகள் முன்னால், நகரத் திட்டமிடல் கூட்டத்தில். ஆமாம், ப்ளஸ் டூ முடித்ததும் அப்பாவுக்கு மாற்றலாகி நாங்கள் ஊரை விட்டுப் போனோம். அதற்குப் பிறகுதான் மழை வந்திருக்கிறது. பிறகு காரைக்குடிக்குத் திரும்பி வந்தும் அந்தப் பக்கம் போய் நான் பார்க்கவே இல்லை. நான் ஓட்டிப் போனது தண்ணீர் வராத வாய்க்கால் என்று அந்தப் பதினாறு வயதில் யாரும் எனக்குச் சொல்லவில்லை, எல்லோருக்கும் அது தெரிந்ததுதானே என்று விட்டிருப்பார்கள்.

அறிக்கை கரைப் பாதையோடு கைமாறியது. பச்சைக் கோடு இருந்த இடத்தில் நீலக் கோடு வந்தது. படத்தின் மூலையில் கோடுகளுக்கு விளக்கம் எழுதும் பெட்டியில் ‘நீர் வரத்துக்கால்’ என்று எழுதிவிட்டு நான் எழுந்துகொண்டேன். பால்ராஜ் விடவில்லை. முத்துக் கையெழுத்தில் அதன் பக்கத்தில் சேர்த்தார்: ‘மழை இல்லாத ஆண்டுகளில் மிதிவண்டி செல்லும்.’ இதெல்லாம் அறிக்கையில் வரலாமா என்று ஓர் உறுப்பினர் ஆட்சேபித்தார். வரலாம் என்று சீனிவாசன் சார் ஐந்து நிமிஷம் பேசினார். இந்தத் தடவை முழுவதும் கேட்டது.

காலியான உருளையைப் பால்ராஜ் என் கையில் கொடுத்தார். இரண்டு கையாலும், ஏதோ பட்டமளிப்பு விழா மாதிரி கொடுத்தார். ரயிலில் ஏறும்போது கையை வீசி வீசி நடந்தார். அவ்வளவு லேசாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு உருளை என்னிடம்தான் இருக்கிறது. இன்னும் யாரும் அகப்படவில்லை. நானும் தூக்கிக்கொண்டு அலைகிறேன். என்னையும் ஒருத்தர் புல்லாங்குழலா என்று கேட்டாயிற்று.

கரைப் பாதையில் சரளை அடித்து, இப்போது காலையிலும் மாலையிலும் ஒரு மினி பஸ் வருகிறது. சிவகாமியின் மகள் அதில்தான் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். போன வாரம் இங்கே நல்ல மழை. இந்த அத்தியாயத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தபோது வாட்ஸப்பில் சிவகாமியிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. வரத்துக்கால் இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஏழெட்டுக் கொக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. போட்டோவுக்குக் கீழே குரல் பதிவு ஒன்று. தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசியிருந்தார்.

“அக்கா, ஒங்க ரோட்டுல இன்னைக்கு ஒரே டிராபிக்கு. பெல்லு அடிச்சாலும் ஒருத்தரும் ஒதுங்க மாட்டேங்குறாக.”